இருண்ட தீவில் விளக்கேறிய வரலாறு

புயலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் காற்றின் வேகத்தை அளந்து, வீழ்ந்த மரங்களையும் இடிந்த வீடுகளையும் கணக்கிட்டு, மாண்டோர் தொகையைக் குறித்து, அத்துடன் ஏட்டை மூடிவிடுகின்றனர். காற்று ஓய்ந்த பின் நடப்பதை அவர்கள் வரலாறாகக் கருதுவதில்லை. ஆனால், இக்காலத்தில் ஒரு புயலுக்குப் பின் ஓர் ஊர் பிழைப்பதும் அழிவதும் புயல் வீசிய நாளிலேயே முடிவாகி விடுவதில்லை. அறுந்த மின்கம்பி எத்தனை நாளில் மீண்டும் கட்டப்படுகிறது, எந்தத் தெருவில் முதலில் கட்டப்படுகிறது, யார் கையால் கட்டப்படுகிறது என்பவற்றைப் பொறுத்தே அது முடிவாகின்றது. இவ்வுண்மைக்குப் புவேர்ட்டோ ரிக்கோ என்னும் தீவின் அண்மைக்கால வரலாற்றைப் போலத் தெளிவான சான்று வேறொன்று கிடைத்தல் அரிது. அதனை இம்மலரின் வாசகர்களுக்கு ஒருவாறு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

தீவும் அதன் புயல்களும்

வடக்கே அட்லாண்டிக் மாக்கடலும் தெற்கே கரீபியக் கடலும் சூழ, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 100 மைல் நீளமும், வடக்கு தெற்காக ஏறத்தாழ 35 மைல் அகலமும் உடையது இத்தீவு. இதன் நடுவே முதுகெலும்பு போல ஒரு மலைத்தொடர் ஓடுகின்றது. நாம் கூற வந்த கதையில் இம்மலைத்தொடருக்குப் பெரும்பங்கு உண்டு; வாசகர்கள் இதனை நினைவில் இருத்துவார்களாக.

தைனோ என்னும் தொல்குடி மக்கள் வாழ்ந்த இத்தீவைப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் கைப்பற்றினர். 1898ஆம் ஆண்டுப் போரின் முடிவில் இஃது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வசமாயிற்று. 1917இல் தீவின் மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை அளிக்கப்பட்டது. எனினும், தீவில் வாழ்வோர்க்கு நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இன்றளவும் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸில் வாக்களிக்கும் உறுப்பினரும் அவர்களுக்கு இல்லை. பெயரளவில் குடிகள், உரிமையளவில் குறைந்தவர்கள். இதனையும் நினைவில் கொள்ளுதல் நலம்.

ஆங்கிலத்தில் 'ஹரிக்கேன்' என வழங்கும் சொல் தைனோ மொழியிலிருந்து ஸ்பானியத்தின் வழியாகச் சென்றதே என்பர். பெருங்காற்றுக்கு உலகம் வழங்கும் பெயரையே தந்த மண் இது என்றால், புயல் அங்கு எத்துணைப் பழைய விருந்தாளி என்பது விளங்கும். எந்தப் புனிதரின் திருநாளில் புயல் தாக்கியதோ அவர் பெயரையே அப்புயலுக்குச் சூட்டுதல் அம்மக்களின் பழைய வழக்கம். அவ்வாறே, 1899 ஆகஸ்டு 8ஆம் நாள் தாக்கிய புயல் சான் சிரியாக்கோ எனப்பட்டது. அதில் 3,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். 1928 செப்டம்பர் 13ஆம் நாள் வந்தது சான் ஃபெலிப்பே என்னும் பெரும்புயல்.

1899ஆம் ஆண்டுப் புயல் மலைநாட்டின் காப்பித் தோட்டங்களை அழித்தது. காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களும் சாய்ந்தன. புதிதாக நட்ட செடி காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கூலிக்காரன் வயிறு காத்திராது. அடுத்த ஆண்டிலிருந்தே கரும்புத் தோட்ட முதலாளிகளின் ஆட்கள் வந்து அழைக்க, 5,000க்கும் மேற்பட்டோர் நெடுந்தொலைவிலுள்ள ஹவாயித் தீவுகளுக்குக் கப்பலேறினர். புயல் ஓய்ந்தபின் ஊர் கலைந்ததற்கு அத்தீவில் இது பழைய சான்று. ஆயினும், ஒன்று கவனிக்கத் தக்கது. அந்நாளில் மலைக்குடிசையின் விளக்கு அவரவர்க்கே உரியதாய் இருந்தது. காற்று அதனை அணைத்தால், எண்ணெயும் திரியும் கிடைத்த அன்றே அதனை மீண்டும் ஏற்றலாம். எங்கோ ஒரு நகரில் அமர்ந்திருக்கும் அலுவலரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

மின்சாரம் மலையேறிய வகை

1941ஆம் ஆண்டில் தீவின் அரசு மின்சார வழங்கலுக்கென ஓர் ஆணையத்தை நிறுவிற்று. அதன் முதற்பெயர் ஆற்றுநீர் வளங்களின் ஆணையம் எனப் பொருள்படும். மலையாறுகளைத் தேக்கி மின்னாற்றல் பெறுவதே தொடக்கக் கால நோக்கம் என்பதை அப்பெயரே காட்டும். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் தொழிற்சாலைகள் பெருகின. மின்கம்பி மலைச்சிற்றூர்களுக்கும் ஏறிற்று. அக்காலத்தில் இஃது ஒரு பெருஞ்சாதனை. தலைமுறை தலைமுறையாக இருளில் உறங்கிய ஊர்களில் பிள்ளைகள் இரவிலும் படிக்கலாயினர். குழாயில் நீர் வந்தது.

காலப்போக்கில் தேவை வளர்ந்தது; ஆற்றின் பங்கு சுருங்கிற்று. 2017ஆம் ஆண்டில் தீவின் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கப்பலில் வந்திறங்கும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்தே பெறப்பட்டது. பெரிய உற்பத்தி நிலையங்கள் பல தெற்குக் கரையில் இருந்தன. தலைநகராகிய சான் ஹுவானும் மக்கள்தொகையின் பெரும்பகுதியும் வடக்கே இருந்தன. இடையே இருப்பது நாம் முன்னர்க் கூறிய மலைத்தொடர். ஆகவே, தெற்கே பிறந்த மின்சாரம் உயர்ந்த கோபுரங்களின்மேல் கட்டிய கம்பிகளின் வழியே காடும் பள்ளமும் கடந்து வடக்கே சென்றது. வழியிலிருந்த மலையூர்களுக்குக் கிளைக்கம்பிகள் சென்றன. வலுவான காற்று அடித்தால் முதலில் முறிவது இவ்வழியே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆணையமோ ஏறத்தாழ 900 கோடி டாலர் கடனில் மூழ்கி, 2017 ஜூலையில் கடன் தீர்க்க இயலாத நிலையை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. பொறிகள் பழையவை. கம்பிவழியில் வளர்ந்த மரக்கிளைகளை வெட்டவும் போதிய ஆளில்லை. தேர்ந்த பணியாளர் பலர் ஓய்வு பெற்றும் வெளியேறியும் சென்றிருந்தனர். புயல் வருமுன்னரே மின்னமைப்பு நோயுற்றிருந்தது என்பதே உண்மை.

இரண்டு வாரத்தில் இரண்டு புயல்கள்

2017 செப்டம்பர் 6ஆம் நாள் 'இர்மா' என்னும் புயல் தீவின் வடபுறமாகக் கடந்து சென்றது. நேரே தாக்காமல் ஓரமாகச் சென்றபோதே 10 இலட்சம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் நின்றது. அதனைச் சீர்செய்யும் வேலை முடியுமுன், செப்டம்பர் 20ஆம் நாள் காலை, 'மரியா' தென்கிழக்குக் கரையிலுள்ள யபுக்கோவா என்னும் ஊருக்கு அருகே கரையேறிற்று. மணிக்கு 155 மைல் வேகத்துடன் நுழைந்த அக்காற்று, தீவைக் குறுக்காகக் கடந்து வடமேற்கே வெளியேறிற்று. அன்று தீவின் மின்னமைப்பு முழுவதும் வீழ்ந்தது. ஏறத்தாழ 15 இலட்சம் இணைப்புகள். அவற்றை நம்பி வாழ்ந்தவர்கள் 33 இலட்சம் மக்கள். ஓரிடத்தில் விளக்கெரிய, ஓரிடத்தில் எரியாத நிலை அன்று. தீவு முழுவதும் ஒரே இருள். கைப்பேசிக் கோபுரங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செயலிழந்தன. ஆதலின், எந்த ஊரில் என்ன நேர்ந்தது என்பதைக் கேட்டறியவும் வழியில்லாது போயிற்று.

இருள் கொன்ற கணக்கு

மின்சாரம் நின்றால் விளக்கு அணையும்; அவ்வளவுதானே என்று எண்ணுவோர் உளர். அணைந்த விளக்கு அவ்விழப்பில் மிகச் சிறிய பகுதி. மலையூர்களில் குடிநீர் மேடேறுவது மின்பொறியால். பொறி நின்றதும் குழாய் வறண்டது. மக்கள் சுனைகளையும் ஓடைகளையும் நாடினர். அந்நீரால் எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் தலைகாட்டின. வங்கிப் பொறிகள் நின்றதால் கையில் காசில்லாதவர் கடைக்குப் போயும் பயனில்லை. குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டிய நீரிழிவு மருந்து கெட்டது. மூச்சுக் கருவியின் துணையால் வாழ்ந்த முதியவர்கள் ஜெனரேட்டரின் ஒலி நிற்கும் ஒவ்வொரு முறையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தனர். வியேக்கெஸ் என்னும் சிறுதீவின் மருத்துவமனை புயலில் பாழானமையால், சிறுநீரகம் பழுதுற்று டயாலிஸிஸ் செய்துகொள்ள வேண்டியவர்கள் வாரம் மும்முறை சிறு விமானத்தில் பெருந்தீவுக்குச் சென்று மீள வேண்டியதாயிற்று.

ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் முதலானோர் வீடு வீடாகச் சென்று கேட்டறிந்து 2018 மே மாதத்தில் ஒரு கணக்கை வெளியிட்டனர். 2017 டிசம்பர் முடியவுள்ள காலத்தில், ஒரு குடும்பம் சராசரியாக 84 நாட்கள் மின்சாரமின்றியும், 68 நாட்கள் குழாய்நீரின்றியும், 41 நாட்கள் கைப்பேசித் தொடர்பின்றியும் கழித்தது. இம்மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போர்க்கு, மின்சாரமும் நீரும் வெவ்வேறு துன்பங்கள் அல்ல, ஒரே துன்பத்தின் இரு முகங்கள் என்பது புலனாகும்.

இனி, இறந்தோர் கணக்கைக் காண்போம். அரசு அறிவித்த தொகை நெடுங்காலம் 64 என்றே நின்றது. இடிபாட்டில் சிக்கியவர், வெள்ளத்தில் மூழ்கியவர், மண்சரிவில் புதையுண்டவர் முதலியோரே பெரும்பாலும் அக்கணக்கில் இடம்பெற்றனர். ஆனால், இருளில் மருந்தின்றி இறந்தவர் வீடுதோறும் இருந்தனர். அவர்களுக்குக் கணக்கில் இடமில்லை. 2018 ஜூன் மாதத் தொடக்கத்தில், சான் ஹுவான் நகரிலுள்ள சட்டமன்ற மாளிகையின் முன்னே மக்கள் வந்து கூடினர். இறந்துபோன தந்தையின் காலணி, பாட்டியின் காலணி, குழந்தையின் காலணி என ஒவ்வொருவரும் ஒரு சோடியைக் கொணர்ந்து வரிசையாக வைத்துச் சென்றனர். அறுபத்து நான்கு சோடிகளுடன் அவ்வரிசை நிற்கவில்லை. நூற்றுக்கணக்காக நீண்டது. அரசின் ஏட்டில் ஏறாத பெயர்கள் அன்று கல்தரையில் காலணிகளாக நின்றன.

2018 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளிவந்தது. வழக்கமாக அப்பருவத்தில் நிகழக்கூடிய இறப்புகளுக்கு மேல், புயலுக்குப் பின் 2018 பிப்ரவரி முடிய 2,975 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று அது மதிப்பிட்டது. தீவின் அரசு அதனையே தன் கணக்காக ஏற்றது. வறிய வட்டாரங்களில் இறப்பின் அபாயம் வழக்கத்தினும் 45 விழுக்காடு மிகுதியாகி, ஆய்வுக்காலம் முடியும்வரை தணியாமலே இருந்தது என்றும் அவ்வாய்வு காட்டிற்று. காற்று வீசியது ஒரு நாள். சாவு வீட்டுக்கு வீடு நடந்தது ஆறு திங்கள்.

எந்தத் தெருவுக்கு முதலில்?

மின்னமைப்பை மீட்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் உற்பத்தி நிலையம், பிறகு கோபுரக் கம்பிகள், பிறகு துணைநிலையங்கள், அதன்பின் தெருக்கம்பம், கடைசியாக வீட்டு இணைப்பு. மருத்துவமனைக்கும் நீரேற்று நிலையத்துக்கும் முன்னுரிமை. ஒரு கம்பியைக் கட்டினால் ஆயிரம் வீட்டுக்கு விளக்கு வருமானால், பத்து வீட்டுக்கு வரும் கம்பி பின்னர்க் கட்டப்படும். இதில் வஞ்சனை ஒன்றும் இல்லை. தொழிலறிந்த எவரும் இவ்வாறே செய்வர். ஆயினும், இம்முறையின் விளைவைப் பார்க்க வேண்டும். நகரத்தான் முதல்வன் ஆகிறான். மலைமேல் பத்துப் பத்து வீடுகளாகச் சிதறி வாழ்பவன் எப்போதும் கடையன் ஆகிறான். வானிலிருந்து இரவொளியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களின் துணைகொண்டு பின்னர் ஆராய்ந்தோர், நெடுங்காலம் இருளில் கிடந்தவை நாட்டுப்புறங்களும் ஏழை மக்களின் குடியிருப்புகளுமே என்று கண்டனர்.

முறையால் வந்த தாமதத்துடன், மனிதர் செய்த பிழைகளும் சேர்ந்தன. பிற மாநில மின்வாரியங்களைத் துணைக்கு அழைப்பது அமெரிக்காவில் வழக்கம். புவேர்ட்டோ ரிக்கோவின் ஆணையமோ பல வாரங்கள் அதனைச் செய்யாமல், இரண்டே முழுநேரப் பணியாளரைக் கொண்டிருந்த ஒரு சிறு நிறுவனத்துக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் அளித்தது. எங்கும் எதிர்ப்பு எழவே, அக்டோபர் இறுதியில் அவ்வொப்பந்தம் நீக்கப்பட்டது. அதன் பிறகே பிற மாநிலங்களின் துணை முறையாகக் கோரப்பட்டது. கம்பமும் கம்பியும் மின்மாற்றியும் கடல் கடந்து வரவேண்டியிருந்ததால் மேலும் நாட்கள் கடந்தன. நூறு நாள் கழிந்த பின்னும் இணைப்புகளில் பாதிக்குச் சற்றே குறைவானவை இருளில் இருந்தன. ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் மீண்டதாக ஆணையம் அறிவித்தது 2018 ஆகஸ்டு நடுவில். புயல் தாக்கி ஏறக்குறைய பதினொரு திங்கள் கழித்து.

பதினொரு திங்கள் ஓர் ஊர் காத்திருக்குமா? கடைக்காரன் குளிர்ப்பெட்டியின்றி எத்தனை நாள் கடை திறப்பான்? பள்ளி திறக்காத ஊரில் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? 2017 ஜூலைக்கும் 2018 ஜூலைக்கும் இடையே தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,30,000 குறைந்தது. நூற்றுக்கு நால்வர் என்ற விகிதம். பெரும்பாலோர் ஃபுளோரிடா முதலிய மாநிலங்களுக்குப் பெயர்ந்தனர். முன்னரே குறைந்துவந்த பிள்ளைகளின் தொகை மேலும் குறைந்ததென்று கூறி, 2018இல் அரசு 200க்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடிற்று. பள்ளி மூடிய ஊரை விட்டு மேலும் சிலர் வெளியேறினர். 1899இல் காப்பிச்செடி காய்க்கக் காத்திராமல் கப்பலேறியவர்களின் கதை, நூற்றுப்பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் விமான நிலையத்தில் மீண்டும் நிகழ்ந்தது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்து, வேற்று மாநிலத்தில் சங்கம் அமைத்து வாழும் நமக்கு, இப்பெயர்ச்சியின் பொருளைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை. போகிறவர்கள் திரும்பி வருவதாகவே சொல்லிப் போகிறார்கள். திரும்புவதும் திரும்பாமையும் அங்கே வீட்டில் விளக்கு எரிகிறதா என்பதைப் பொறுத்தது.

தாமே ஏற்றிய விளக்கு

இதுவரை கூறியது காத்திருந்தவர்களின் கதை. காத்திராதவர்களின் கதையும் உண்டு. அதுவே நம் கட்டுரையின் உயிர்நிலை.

தீவின் வடமேற்கே சான் செபாஸ்டியான் என்னும் ஊர் உளது. அதற்குப் பெப்பினோ என்று ஒரு செல்லப்பெயர். வெள்ளரிக்காய் என்பது அதன் பொருள். அவ்வூர் மக்களும் நகராட்சியும் சில வாரங்கள் வழிபார்த்தனர். பின்னர், மின்துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற கம்பியாட்களைத் திரட்டினர். நகராட்சிப் பணியாளரும் தொண்டர்களும் சேர்ந்தனர். கிடைத்த வண்டிகளையும் கருவிகளையும் கொண்டு, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி, அறுந்த கம்பியைப் பிணைத்து, தெருத்தெருவாக விளக்கேற்றத் தொடங்கினர். தம் கூட்டத்துக்குப் 'பெப்பினோ மின்னாற்றல் ஆணையம்' என்று நகைச்சுவையாகப் பெயரும் சூட்டிக்கொண்டனர். மின்கம்பி வேலை அறியாதார் கைவைத்தால் உயிரைப் பறிக்கும். ஆகையால், அனுபவம் முதிர்ந்த பழைய தொழிலாளர்கள் ஊரில் இருந்ததே அவர்களின் பெருஞ்செல்வம். அரசின் ஏட்டில் ஓய்வு பெற்றவர் என எழுதப்பட்டிருந்த கைகள், ஊருக்குத் தேவைப்பட்டபோது ஓய்வு கொள்ளவில்லை.

தென்கிழக்கே உமக்காவோ வட்டாரத்து மலைமீது மரியானா என்னும் பகுதி உளது. அங்கே பல ஆண்டுகளாக ஒரு மக்கள் மன்றம் சீமைப்பலாத் திருவிழா ஒன்றை நடத்தி வந்தது. புயலுக்குப் பின் அம்மன்றத்தின் இடத்திலேயே பொதுச் சமையற்கூடம் திறக்கப்பட்டு, நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர்க்கு உணவு வழங்கப்பட்டது. பின்னர்ச் சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரமும் அங்கே நிறுவப்பட்டது. விழா நடத்திப் பழகியவர்களுக்குப் பெருங்கூட்டத்துக்குச் சமைப்பது புதிதன்று. எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், எவரிடம் வண்டி உண்டு, எவர் சொன்னால் ஊர் கேட்கும் என்பதெல்லாம் அவர்கள் முன்னரே அறிந்தவை. ஆண்டுவிழா எடுப்பதை வீண்செலவு என்று கூறுவோர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக.

மூன்றாவது, நடுமலையிலுள்ள அத்ஹுந்தாஸ். இவ்வூரில் 1980ஆம் ஆண்டில், திறந்தவெளிச் சுரங்கம் வெட்டி மலையைப் பாழாக்கும் திட்டத்தை எதிர்த்து, அலெக்ஸிஸ் மாசோல் கொன்சாலெஸ் என்னும் பொறியாளரும் அவர்தம் துணைவியார் திந்தி தெயா தியாசும் சேர்ந்து காசா புவேப்லோ என்னும் அமைப்பைத் தொடங்கினர். மக்கள் இல்லம் என்று அதனைத் தமிழில் கூறலாம். முதற்கூட்டங்களுக்கு வந்தோர் மிகச் சிலரே. பல ஆண்டுப் போராட்டத்தின் பின் சுரங்கத் திட்டம் கைவிடப்பட்டது; சுரங்கத்துக்கெனக் குறிக்கப்பட்டிருந்த நிலம் 1996இல் மக்கள் காடாக அறிவிக்கப்பட்டது. தாமே காப்பி விற்று, அவ்வருவாயால் அமைப்பை நடத்தி, அரசின் கையை எதிர்பாராது வாழ்ந்தனர். 2002இல் மாசோல் அவர்களுக்குக் கோல்டுமன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. 1999இலேயே அவ்வில்லம் கூரைமேல் சூரியத் தகடுகளைப் பதித்து, அம்மின்சாரத்தைப் பேட்டரியில் சேமித்துப் பயன்படுத்தலாயிற்று.

மரியா புயலன்று தீவு முழுவதும் இருண்டபோது, அவ்வில்லத்தில் விளக்கெரிந்தது. கைப்பேசிக்கு மின்னேற்ற வந்தோர், மருத்துவக் கருவியை இயக்க வந்தோர், உறவினரைப் பற்றிச் செய்தி கேட்க வந்தோர் என ஊரே அங்குத் திரண்டது. அவர்களின் வானொலி செய்தி பரப்பிற்று. அதன்பின், ஏறத்தாழ 14,000 சூரிய விளக்குகள் அவ்வில்லத்தின் வழியே மக்களுக்கு வழங்கப்பட்டன. நோயாளிகளின் வீடுகளிலும் சிறு கடைகளிலும், ஒரு முடிதிருத்தும் நிலையத்திலும்கூட, சூரிய மின்சாரம் அமைக்கப்பட்டது. முடிதிருத்தும் நிலையம் எதற்கு என்று கேட்பவர் சிற்றூரை அறியாதவர். நான்கு பேர் கூடிப் பேசும் இடம் திறந்தால் ஊர் திறந்ததாகப் பொருள்.

இம்மூன்று ஊர்களிலும் காணும் ஒற்றுமை யாது? மூன்றிலும் கூட்டு வாழ்க்கை விளக்குக்கு முன்னரே இருந்தது. மின்சாரம் வந்தால் ஊர் மீளும் என்பது உண்மையே. ஊராய் இருந்த ஊருக்கே மின்சாரம் விரைந்து வந்தது என்பது அதனினும் ஆழ்ந்த உண்மை. தகடும் பேட்டரியும் விலைக்குக் கிடைக்கும். அவற்றை எந்தக் கூரையில் வைப்பது என்று சண்டையிடாமல் முடிவு செய்யும் மனம் விலைக்குக் கிடைப்பதன்று.

முன்பிருந்தபடியே என்னும் தடை

இங்கே ஒரு சட்டச் சிக்கலையும் கூற வேண்டும். பேரிடரில் அழிந்த பொதுச் சொத்துக்கு அமெரிக்க நடுவணரசு பணம் தரும். ஆனால், முன்பிருந்தபடியே அமைத்துத் தரவே பெரும்பாலும் அச்சட்டம் இடமளித்தது. பழுதான பழைய அமைப்பைப் பழுதான பழைய அமைப்பாகவே மீண்டும் எழுப்புவது இதன் பயன். 2018 பிப்ரவரியில் காங்கிரஸ் இதனைத் தளர்த்தி, இக்காலத் தரத்தில் அமைக்க இசைவளித்தது. அதற்குள், அவசர அவசரமாக நிறுத்திய கம்பங்கள் தீவெங்கும் நின்றன. 2018 ஏப்ரல் 18ஆம் நாள், வீழ்ந்த கோபுரத்தை அகற்றிக்கொண்டிருந்த ஒரு பொறி கம்பியில் பட்டதனால் தீவு முழுவதும் மீண்டும் இருண்டது. ஒரே கம்பியில் ஒரு நாட்டின் உயிர் தொங்கினால் இதுவே நேரும்.

2021 ஜூனில் கம்பிவழிப் பணி ஒரு தனியார் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 18ஆம் நாள் 'ஃபியோனா' என்னும் புயல் வந்தது. மரியாவைவிடப் பன்மடங்கு வலுக்குறைந்த அப்புயலிலும் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. அப்போதும் அத்ஹுந்தாஸின் மக்கள் இல்லத்தில் விளக்கு அணையவில்லை. 2023இல் அவ்வூர்ச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகள் பலவற்றை ஒன்றிணைத்து, தகடும் பேட்டரியும் கொண்ட தனிச் சிற்றமைப்பு ஒன்று தொடங்கப்பெற்றது. பெருங்கம்பி அறுந்தாலும் அக்கடைகளில் மருந்தும் உணவும் கிடைக்கும். 2024ஆம் ஆண்டளவில் தீவில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சூரிய மின்சாரம் அமைந்துவிட்டது. ஆனால், அதே ஆண்டின் கடைசி நாளாகிய டிசம்பர் 31 அன்று, புயல் எதுவும் இன்றியே தீவின் பெரும்பகுதி இருண்டது.

கூரைத்தகடு எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் கூற வரவில்லை. தொழிற்சாலையும் பெரிய மருத்துவமனையும் நகரமும் இயங்கப் பெரிய மின்னமைப்பு வேண்டும். அன்றியும், தனித்தனியே தகடு வாங்க வசதியுள்ளவர் வாங்கிக்கொள்ள, இயலாதவர் மட்டும் பழைய கம்பியில் தொங்குவாராயின், இருளிலும் ஏழை பணக்காரன் என்னும் வேற்றுமை நிலைத்துவிடும். அத்ஹுந்தாஸின் சிறப்பு தகட்டில் இல்லை. அது பொதுவில் இருந்தமையில் உளது.

முடிவுரை

1899இல் அத்தீவின் மலைவாழ் ஏழைக்கு அவன் விளக்கு சிறியது, ஆனால் தனக்குரியது. 2017இல் அவன் பெயரனின் விளக்கு பெரியது. ஆனால் பிறர் கையில் இருந்தது. பழைய சிறுவிளக்குக்கு மீள்வோம் என்று எவரும் கூறார். பெரிய விளக்கின் ஒளியும், சிறிய விளக்கின் உரிமையும் ஒருங்கே பெறுவது எங்ஙனம் என்பதே அத்தீவின் மக்கள் இன்று விடைதேடும் வினா.

புயல் வரும் கரைகள் உலகில் பல. நம் நாட்டுக் கிழக்குக் கரையும் அவற்றுள் ஒன்று. அடுத்த புயல் வருமுன் கம்பங்களை வலுப்படுத்துவது பொறியாளர் கடன். மின்சாரம் நின்றால் மூச்சு நிற்கக்கூடியவர் தம் தெருவில் எவர், எத்தனை பேர் என்பதை முன்னரே அறிந்து வைப்பது அண்டை வீட்டார் கடன். முன்னதற்குப் பெரும்பணம் வேண்டும். பின்னதற்கு வேண்டுவது கதவைத் தட்டிக் கேட்கும் பழக்கம் ஒன்றே. சான் ஹுவான் மாளிகையின் முன் வரிசையாகக் கிடந்த காலணிகளுள் சிலவற்றையேனும், அப்பழக்கம் வீட்டு வாயிற்படியிலேயே நிறுத்தி வைத்திருக்கும் என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.